ஈட்ஸ் பாலமும் கணக்குப் போட்டவர்களும்

செயின்ட் லூயிஸுக்குக் குடிவரும் நம்மவர்கள் ஊருக்கு அனுப்பும் முதல் படம் கேட்வே ஆர்ச். எனக்கென்னவோ, அதற்குச் சற்று வடக்கே மிசிசிப்பியைக் கடக்கும் பழைய பாலத்தின் மேல்தான் பிடிப்பு. இல்லினாய் பக்கமிருந்து வேலைக்கு வரும் என் மெட்ரோலிங்க் ரயில் அதன் கீழ்த்தளத்தில்தான் ஆற்றைத் தாண்டுகிறது. 1874இல் திறந்த பாலம். கட்டியவர் ஜேம்ஸ் புக்கானன் ஈட்ஸ். பொறியியல் படிக்காதவர், அதற்கு முன் ஒரு பாலமும் கட்டாதவர்.

பட்டச் சான்றிதழுக்குச் சான்றொப்பம் வாங்கி, விசாவுக்காகக் காத்துக் கிடந்து வந்தவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலூட்டும் சேதிதான்.

1833இல், 13 வயதில், தாயோடும் சகோதரிகளோடும் ஈட்ஸ் இங்கே வந்தபோது அவர்கள் வந்த நீராவிப் படகு தீப்பிடித்து, சாமான்கள் எல்லாம் போயின. தெருவில் ஆப்பிள் விற்றார். பிறகு வேலைக்குச் சேர்ந்த கடையின் முதலாளி தன் புத்தக அறையைத் திறந்துவிட்டார். அங்கே படித்ததுதான் படிப்பு. 22 வயதில், மூழ்கிய படகுகளிலிருந்து சரக்கை மீட்கும் தொழிலில் இறங்கினார். முதல் வேலைக்குக் கூட்டிவந்த முக்குளிப்பவரின் கருவி ஆற்றின் இழுப்புக்குத் தாங்கவில்லை. ஈட்ஸ் ஒரு விஸ்கிப் பீப்பாயை வாங்கி, ஒரு பக்க மூடியைத் தட்டியெடுத்து, ஈயம் கட்டிக் கவிழ்த்து, அதற்குள் தானே இறங்கினார்.

1851 வெள்ளத்தில், கெய்ரோ என்ற ஊருக்குக் கீழே, 65 அடி ஆழத்தில் அவருக்குக் கால் ஊன்றத் தரை கிடைக்கவில்லை. மூன்றடிக் கனத்துக்கு மணல் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்க்கிறவர்கள் படுகை என்று நினைத்தது படுகையே இல்லை. பாலத் தூண்கள் பாறையில்தான் நிற்கவேண்டும் என்று பின்னாளில் அவர் பிடித்த பிடிவாதத்துக்குக் காரணம் இதுதான். பாறையோ கிழக்குப் பக்கத்தில் 90 அடிக்கும் கீழே. அடிப்பக்கம் திறந்த பெரிய இரும்புப் பெட்டிகளை இறக்கி, அழுத்தக் காற்றால் தண்ணீரை வெளியே நிறுத்தி, உள்ளே ஆட்கள் மணலைத் தோண்டினார்கள். மேலே வந்தபின் பலருக்குக் கைகால் விழுந்தது, மூட்டுகள் முறுக்கின. ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அழுத்தத்திலிருந்து மெல்ல வெளிவரவேண்டும் என்பது அப்போது சரியாகப் புரிந்திருக்கவில்லை. ஈட்ஸ் நியமித்த மருத்துவர் ஜாமினேயே கீழே போய்வந்து முடங்கிக் கிடந்தார். பாலத்தைச் சோதிக்க யானையை நடக்கவிட்ட கதையை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். செத்தவர்களைப் பற்றி நான் கேட்காமல் யாரும் சொன்னதில்லை.

இருந்தாலும் என் மனம் போய் நிற்கிற இடம் வேறு. அனுபவம் ஈட்ஸுடையது, கணக்கு? 502, 520, 502 அடி என்று மூன்று எஃகு வளைவுகள். எஃகில் அவ்வளவு பெரிய பாலத்தை அதுவரை யாரும் கட்டியதில்லை. இது அபாயம், நடக்காத காரியம் என்று பெயர்பெற்ற பாலப் பொறியாளர் லின்வில் எழுதியே கொடுத்துவிட்டார். நடக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் ஹென்றி ஃப்ளாடும் சார்லஸ் ஃபைஃபரும். இருவரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். ஃப்ளாட் மியூனிக்கில் படித்தவர். 1848 புரட்சியில் சேர்ந்து, அது தோற்றதும் தப்பி வந்தவர்.

வந்தவர்கள் கணக்குப் போட, பெயர் இன்னொருவருக்கு: எங்கள் அலுவலகத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஆனால் ஈட்ஸை அந்தக் கணக்கில் சேர்த்துத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பீப்பாய்க்குள் முதலில் இறங்கியவர் அவர்.

1873 செப்டம்பர். நட்டாற்றில் சாரம் கட்ட வழியில்லாததால் இரு பக்கமிருந்தும் வடங்களால் தாங்கி நீட்டிவந்த வளைவின் கைகள் நடுவில் சேரவேண்டும். 19ஆம் தேதிக்குள் சேர்ந்தால்தான் பாலத்துக்கான லண்டன் கடன் கைக்கு வரும். ஈட்ஸ் லண்டனில். இங்கே வெயிலில் எஃகு விரிந்து, வளைவின் கடைசி எஃகுக் குழாய்க்கு இடம் போதவில்லை. ஃப்ளாடின் ஆட்கள் டன் கணக்கில் ஐஸ் வைத்துக் குளிரவைத்துப் பார்த்தார்கள், இடைவெளி அசையவில்லை. பிறகு, இப்படி ஆகலாம் என்று ஈட்ஸ் முன்பே வடிவமைத்திருந்த, மரைபோட்டு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் குழாய்களை எடுத்து 17ஆம் தேதி முடித்தார்கள். இதில் யார் பெரியவர் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

பாலம் திறந்த மறு வருஷமே அதன் கம்பெனி திவாலானது. ரயில் கம்பெனிகள் ஒத்துழைக்கவில்லை. ஃப்ளாட் நகரின் பொதுப்பணி வாரியத் தலைவரானார். 1886இல் அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்துக்கும் தலைவர். ஈட்ஸ் அப்போது மெக்சிகோவின் குறுக்கே கப்பல்களையே ரயிலில் ஏற்றிக் கடத்தும் திட்டத்துக்காக வாஷிங்டனில் வாதாடிக்கொண்டிருந்தார். 1887 மார்ச்சில் பஹாமாஸில் இறந்தார். அவருடைய உதவியாளர் கார்த்தெல் அதன்பிறகும் முயன்று பார்த்தார். அந்த ரயில் பாதை போடப்படவே இல்லை.