சமர்கந்தில் ஒரு கவளம்

2019 ஆம் ஆண்டு விடுமுறையில் வரலாற்றுத் துறை நண்பர் ஒருவருடன் உஸ்பெகிஸ்தான் சென்றிருந்தோம். சமர்கந்தின் ரெஜிஸ்தான் சதுக்கத்து மதரஸாக்களைப் பற்றி நண்பர் எழுதுவார். யாம் அவ்வூர்ச் சோற்றைப் பற்றி எழுதுகின்றோம்.

'பலோவ்' என்பது அதன் பெயர். நம் புலவுக்கு உறவான சொல். 2016 இல் யுனெஸ்கோ இதனைப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அகன்ற இரும்புக் கொப்பரையில் ஆட்டிறைச்சியும் வெங்காயமும் வதங்கியபின், மஞ்சள் கேரட்டை நீளநீளமாக அரிந்து அள்ளிக் கொட்டுகின்றனர், அதன்மேல் அரிசி. சீரகம் உண்டு, மிளகாய்க் காரம் இல்லை. சமர்கந்தில் கிளறாது அடுக்கடுக்காகவே எடுத்துப் பரப்புவர். எம் இல்லத்து நெய்ச்சோற்றின் மணம் இதற்கில்லை என்பது எம் துணிபு. மறுப்போர் சென்று உண்டு வரலாம்!

வழிகாட்டியாக வந்த இளைஞரின் பாட்டனார் இல்லத்தில் விருந்து. நால்வருக்கும் நடுவே ஒரே தட்டு. உச்சியில், செம்மறியாட்டின் வால்கொழுப்பு வெள்ளைத் துண்டங்களாகக் கிடந்தது. எமக்கோ இரத்தத்தில் கொழுப்பு மிகுதி, மருத்துவர் கண்டிப்பானவர். "தனித்தட்டு கிடைக்குமா?" என்று இளைஞரிடம் மெல்லக் கேட்டோம். அவர் மொழிபெயர்க்குமுன், பெரியவர் சோற்றையும் கொழுப்பையும் விரல்களால் சேர்த்தெடுத்து எம் வாயருகே நீட்டினார். விருந்தினரைச் சிறப்பிக்கும் முறை அதுவாம்.

தனித்தட்டு முன்பும் ஒருமுறை கேட்டிருக்கின்றோம். எம்.பில். முடித்து விரிவுரையாளரான புதிது. காயல்பட்டினத்தில் உறவினர் திருமணம். வாப்பா எம்மைத் தம் சஹனில் அமருமாறு அழைத்தார். பலர் கை படும் தட்டு வேண்டாமென விலகி, வேறிடத்தில் தனியே உண்டோம். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. எம் பங்கு இறைச்சியைச் சஹனின் ஓரத்தில் ஒதுக்கிவைத்து, பரிமாறுவோர் தட்டை எடுக்க வரும்வரை காத்திருந்தார் என்பதை, அவர் மறைந்தபின் மாமா சொல்லித்தான் அறிந்தோம்.

வாய் திறந்தோம். கொழுப்பு நாவில் கரைந்தது. கண் கலங்கியதைக் கண்டு, சூடு தாங்கவில்லை போலும் என்று பெரியவர் ஊதி ஆற்றலானார். குளிர்நீர் கேட்டோம், கொழுப்பு உறைந்துவிடுமென்று மறுத்துச் சூடான பச்சைத் தேநீர் ஊற்றினர். அன்றிரவு வயிறு கனத்து உறக்கம் வரவில்லை என்பதையும் மறைப்பானேன்?

பெரியவர் இரண்டாம் கவளத்தைச் சேர்த்தெடுத்தார். மருத்துவர் பேச்சை யாம் எடுக்கவில்லை.