இனி என்னங்க இருக்குது?

உணவுக்குழாயில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே என் மச்சினன் வீட்டுக்கு வந்தான். கையிலிருந்த மஞ்சப்பையில் ஒரு குவார்ட்டர். "மாமா, இனி என்னங்க இருக்குது? ராத்திரி ஒரு கட்டிங் போட்டீங்கன்னா வலி தெரியாது, தூக்கமும் வரும்" என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. கெடுக்க வந்தவன் இல்லை அவன். என்மேல் உயிரையே வைத்திருப்பவன்.

நான் குடியை விட்டு அன்றைக்கு 19 வருடம். அத்தனை வருடமும் கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் எத்தனையோ பேர் நீட்டியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் என் வீட்டுக்காரியின் ஒரு பார்வை போதும். அன்றைக்கு அவள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு ஒன்றும் சொல்லவில்லை. என் குடியால் தாலிக்கொடியை அடகு வைத்தவள், பாட்டில்களைச் சாக்கடையில் கொட்டியவள், அவளே பேசாமல் நின்றாள். "நீங்க படற வேதனையைப் பார்த்து எனக்கு வேண்டாம்னு சொல்ல வாய் வரலை" என்று பிறகு சொன்னாள். பெரிய நோய் வந்தால் இதுதான் நடக்கிறது. அதுவரை தடுத்தவர்கள் எல்லாரும் இரக்கத்தால் வழிவிட்டு விலகிவிடுகிறார்கள். வாசலில் நாம் மட்டும்தான் நிற்கிறோம்.

இன்னொரு குரல் உள்ளேயிருந்து வந்தது. மது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. அந்தப் பட்டியலில் உணவுக்குழாயும் உண்டு. அப்படியென்றால் இது நானே தேடிக்கொண்டதாக இருக்கலாம். அந்தக் குற்ற உணர்ச்சி வந்ததும் அதை மறக்கவும் மனசு குடியைத்தான் கேட்டது. குடித்தவனுக்குத்தான் இந்தக் கொடுமை புரியும்.

மச்சினனை அனுப்பிவிட்டு, குடியை விட்டவர்கள் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் எனக்கு மூத்தவரான ஒருவருக்கு போன் போட்டேன். கடைசி பஸ் பிடித்து வந்து விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அவர்தான் டாக்டர் பாப் ஸ்மித்தின் கடைசிக் காலத்தைச் சொன்னார். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இந்த இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர், அறுவை மருத்துவர். 1935 ஜூன் 10 அன்று, ஆபரேஷனுக்குப் போகுமுன் கை நடுக்கம் அடங்கட்டும் என்று நண்பர் கொடுத்த பீர்தான் அவர் கடைசியாகக் குடித்தது. அதன் பிறகும் இரண்டரை வருடம் ஆசை விடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். 1948-ல் அவருக்குக் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. மறு வருடம் மனைவி ஆன் இறந்துபோனார். 1950 நவம்பரில் அவர் கண்மூடும்வரை ஒரு சொட்டுத் தொடவில்லை. அவர் நோயிலிருந்து தப்பவில்லை என்பதுதான் என்னைத் தேற்றியது. குடிக்காமல் இருப்பது உயிர் பிழைப்பதற்காகக் கொடுக்கும் விலை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

மருத்துவமனையில் என் பழைய குடியை ஒளிக்காமல் சொன்னேன். வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதியபோது நடுங்கிப்போனேன், இதுவும் போதைதானே? டாக்டர் பொறுமையாக விளக்கினார். அட்டையை வீட்டுக்காரி வைத்துக்கொள்வாள், கடிகாரம் பார்த்துத் தருவாள் என்று முடிவானது. மாத்திரை சாப்பிட்டாலே விரதம் கெட்டது என்று நினைப்பவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மருந்தில்லாமல் சகிக்கும் வலிதான் மனுசனைக் கடைக்குத் துரத்தும். அந்த மாத்திரையோடு ஒரு கட்டிங் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். மச்சினனுக்கும் இதை எடுத்துச் சொன்னேன்.

இன்னும் குடித்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு ஒன்று. நோய் தெரிந்த பயத்தில் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தினமும் குடித்த உடம்பு அதைத் தாங்காது. நான் நிறுத்திய மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தினேன், வலிப்பும் வந்தது. மருத்துவமனையில் சேர்ந்து, தையமின் ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு, டாக்டர்கள் கண்பார்வையில் நிறுத்துங்கள்.

நோய் சொன்ன நாளைவிட எனக்குக் கடினமான நாள் ஒன்று இருந்தது. வைத்தியச் செலவுக்கு லேத் பட்டறையை விற்றோம். 31 வருடம் நின்ற இடம். பத்திரம் பதிந்து வெளியே வந்தபோது மணி மூன்று. காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. விலையை அடித்துக் குறைத்தவர்மேல் கோபம். பையில் பணம். எதிர்ச் சந்தில் கடை. பசி, கோபம், தனிமை, களைப்பு நாலும் சேரும் நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதே என்று கூட்டத்தில் சொல்வார்கள். நாலும் சேர்ந்து நின்றன. பஸ் ஸ்டாப் பக்கத்தில் மோர் விற்கும் ஒரு அம்மா இருந்தார். வாங்கி, மடக்கு மடக்காக, அரை மணி நேரம் குடித்தேன். பஸ் வந்தது.

இப்போது ஒற்றை அறை வாடகை வீடு. 28 நாள் கதிர்வீச்சு முடிந்து தொண்டை புண்ணாகிக் கிடக்கிறது. வீட்டுக்காரி விடியற்காலை ராகிக் கஞ்சி காய்ச்சி, சூடு பார்த்து, கரண்டி கரண்டியாகத் தருகிறாள். எத்தனை கரண்டி இறங்கியது என்று காலண்டரில் எழுதுகிறாள். நேற்று ஏழு. இன்றைக்குப் பதினொன்று என்று எழுதிவிட்டு, பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.