ஒவ்வொரு ஸ்பூனாக

குழந்தைகள் வார்டின் கோடியில் ஒரு மேசை. அதன்மேல் மூடிபோட்ட எவர்சில்வர் குடத்தில் கொதித்து ஆறிய தண்ணீர், அளவுக் குவளை, நாலைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். எதிர்ச்சுவரை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

மேசையருகே ஒரு தாய். மடியில் ஒன்றரை வயதுப் பையன். கண்கள் குழிவிழுந்திருக்கின்றன. அழுகிறான், கண்ணீர் வரவில்லை. நர்ஸ் அவன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுகிறார். மடிப்பு உடனே படியவில்லை, மெல்லத்தான் அடங்குகிறது.

"குடிக்கக் குடிக்கத்தானே போவுது? வயித்தக் காயப்போடு" என்கிறாள் அப்பத்தா.

"சும்மா இருங்கத்தே." மருமகள் அடுத்த ஸ்பூன் கரைசலைப் பையன் வாயில் சாய்க்கிறாள்.

கிழவியின் கணக்கில் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பது வேறு. சிறுகுடலின் உட்சுவர் முழுக்கக் குடலுறிஞ்சிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உயரமே. அவற்றைப் போர்த்தியிருக்கும் செல்கள் தம் பின்பக்கமாக, ரத்தம் இருக்கும் பக்கம், சோடியத்தை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன: மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. செல்லுக்குள் சோடியம் குறைந்துவிடுவதால் குடலில் இருக்கும் சோடியம் உள்ளே வரத் துடிக்கிறது. முன்பக்கத்தில் அதற்கென்று ஒரு கதவு உண்டு. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். உள்ளே வந்த குளுக்கோஸ் பின்பக்கம் வேறொரு வழியாக ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலுக்குப் போகிறது. உப்பும் சர்க்கரையும் போன பக்கமே தண்ணீரும் போகிறது. பேதியில், காலராவில்கூட, குடல் தண்ணீரை வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கதவு பெரும்பாலும் கெடுவதில்லை. குழந்தை பிழைப்பது அதனால்தான்.

தாயின் பையில் ஒரு குளிர்பான பாட்டில் எட்டிப் பார்க்கிறது. நர்ஸ் அதை எடுத்து ஓரமாக வைக்கிறார். "இது வேணாம்மா, இன்னும் போகும்." உண்மைதான். சர்க்கரை மிஞ்சினால் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். பொட்டலத்தில் இருப்பது அளந்து போட்டது: ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், கூடவே பொட்டாசியம், சிட்ரேட்.

சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகப் போகின்றன என்று உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரத்துக் கூட்டமொன்றில் விளக்கினார். 1971-இல் வங்க எல்லையில் அகதிகள் முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, சொந்தக்காரர்கள் கையாலேயே கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதம்வரை போயிருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. அந்த மனிதருக்கு நம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

பையன் வாந்தியெடுக்கிறான். தாயின் முகம் கலங்குகிறது. "பத்து நிமிஷம் விடுங்க. அப்புறம் இன்னும் மெதுவா." முந்தானையால் துடைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறாள். மறுபடி ஸ்பூன். அவசரமே இல்லாத கை.

வெகுநேரம் கழித்து அவள் புடவை மடியில் ஈரம். "ஒண்ணுக்குப் போயிட்டான் சிஸ்டர்!" நர்ஸ் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். வார்டே ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது.

அப்பத்தா இப்போது எழுந்து வருகிறாள். "கஞ்சி குடுக்கலாமா தாயி?"

"தாராளமா. உப்புப் போட்டு, கொஞ்சம் பருப்பும் கரைச்சு."

அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடையும். பருப்பின் புரதம் அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று அமிலம் கோத்த துணுக்குகளாகவும் உடையும். அமினோ அமிலங்களில் பல, சோடியத்தின் துணையோடுதான் தத்தம் வழியில் நுழைகின்றன. துணுக்குகள் ஹைட்ரஜன் அயனியோடு சேர்ந்து தனி வழியில் போய், செல்லுக்குள்ளேதான் முழுவதும் பிரிகின்றன. பட்டினி போட்டால் இதில் எதுவும் நடக்காது. குடல் செல்கள் சில நாளுக்கொருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. அதற்கும் சோறு வேண்டும்.

நர்ஸ் துத்தநாக மாத்திரையை ஸ்பூனில் கரைத்துக் காட்டுகிறார். "பேதி நின்னாலும் நிறுத்தக் கூடாது. பதினாலு நாள்."

"நான் பாத்துக்கிறேன்" என்று மாத்திரை அட்டையை வாங்கி மடியில் முடிந்துகொள்கிறாள் அப்பத்தா.