அண்ணன் போட்ட பூட்டு!

எங்கள் வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, ராப்பகலாக 'கொர்ர்ர்' என்று உறுமிக்கொண்டு! உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் அப்படியே எழுதிவைக்கும். ஒன்று மண்டையைப் போட்டாலும் மற்றது காப்பாற்றும். வீட்டில் இருக்கிற எல்லா கம்ப்யூட்டரும் செல்போனும் வைஃபை வழியாக அதிலிருந்து ஃபைல் எடுத்துக்கொள்ளலாம். 'நாஸ்' என்று பெயர். அம்மா மட்டும் 'நாசம்' என்பாள். போன மாசம் அம்மா வாக்கு பலித்துவிடப் பார்த்தது!

அப்பா போட்டோ, கல்யாண வீடியோ, நிலப்பத்திரம், பட்டா, சிட்டா என்று எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி அதில்தான் போட்டிருக்கிறேன். அப்பா தெவசத்துக்காக சென்னையிலிருந்து தம்பி காடாம்புலியூருக்கு வந்திருந்தான். கையில் புது லேப்டாப். எங்கள் முந்திரித் தோப்பைப் பாகம் பிரிக்கிற பேச்சு ஆறு மாசமாக நடக்கிறது. 'பேச்சு' என்பது மரியாதைக்குச் சொல்வது. திங்கட்கிழமை பண்ருட்டி வக்கீலிடம் பழைய பத்திரத்தைக் காட்ட வேண்டும்.

"நீ படுண்ணா, நானே எடுத்துக்கறேன்" என்றான்.

பத்து நிமிஷத்தில் குரல் வந்தது. "ண்ணா, திறக்கல."

போய்ப் பார்த்தேன். பெட்டி மேல் நான் எப்போதோ ஒட்டிவைத்த நம்பரைப் பார்த்து அடித்திருக்கிறான். இந்த 192.168 என்று ஆரம்பிக்கிற நம்பரெல்லாம் வீட்டுக்குள் மட்டும் புழங்குவதற்கென்று 1996-ல் விதி வகுத்து ஒதுக்கியவை. ஊருக்கு வெளியே செல்லாது. வீட்டுக்குள்ளும் அது நிரந்தரமில்லை. கரன்ட் போய் வந்தால் ரவுட்டர் புதுசாக வேறு நம்பரைக் கொடுத்துவிடலாம். நம்ம ஊரில் கரன்ட் போய் வருவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை! ரவுட்டருக்குள் போய்ப் பெட்டியின் இப்போதைய நம்பரைக் கண்டுபிடித்து, இனி அந்த நம்பர் இந்தப் பெட்டிக்குத்தான் என்று ரிசர்வ் பண்ணினேன். 'பிங்' கட்டளை அடித்தேன். பதில் வந்தது. ஒயர் சரி, விலாசம் சரி. ஜம்பமாக எழுந்தேன்.

"இப்ப என்னமோ இங்கிலீஷ்ல திட்டுதுண்ணா."

குனிந்து படித்தேன். 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் காட்டாத விருந்தாளிகளைத் தடுக்கிறது; ஆகவே இந்த ஃபோல்டரை நீங்கள் அணுக முடியாது' என்கிற அர்த்தத்தில் ஒரு வாசகம்.

தம்பி என்னைப் பார்த்தான். "நிறுவனமா? இந்த வீட்டுல நிறுவனம்னா யாரு, நீதானே? நான் விருந்தாளியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் பாகப்பிரிவினை சமயத்தில் கேட்கிற சிரிப்பு வேற மாதிரி சார்!

"என் லேப்டாப்புல திறக்குதேடா..." என்று திறந்து காட்டினேன். அதுதான் நான் செய்த மகா தப்பு. "அதான், உன்னுதுல திறக்கும்" என்றான்.

விஷயம் இதுதான். பெட்டி வாங்கின அன்றைக்கே, பாஸ்வேர்டு தொல்லை வேண்டாம் என்று 'கெஸ்ட்' கணக்கில் யாரும் நுழையலாம் என்று திறந்துவிட்டிருந்தேன். சுத்த சோம்பேறித்தனம். என் பழைய விண்டோஸ் 10 ஹோம் லேப்டாப் அதை ஒத்துக்கொண்டது. தம்பியுடையது விண்டோஸ் 11 ப்ரோ. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து அது பேர் ஊர் சொல்லாத கெஸ்ட் நுழைவை இயல்பாகவே மறுத்துவிடும். 'நிறுவனம்' என்பது அதன் வாய்ப்பாடு. வீட்டிலும் அதைத்தான் சொல்லும், ஆபீஸிலும் அதைத்தான் சொல்லும்.

போனில் கூப்பிட்ட நண்பர் சுலபமாக ஒரு யோசனை சொன்னார். "பழைய எஸ்எம்பி ஒண்ணாம் பதிப்பை ஆன் பண்ணிடு, எல்லாம் திறந்துக்கும்."

நான் பி.காம். கம்ப்யூட்டர் படிக்கவில்லை. ஆனாலும் இது மட்டும் ஞாபகம் இருந்தது. 2017 மே மாசம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் அந்த ஒண்ணாம் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் புகுந்து பரவியது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள்கூடத் திணறின. ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ஜாதி அது. அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். அந்த வருஷக் கடைசியிலிருந்து விண்டோஸ் 10-ல் ஒண்ணாம் பதிப்பைப் படிப்படியாகக் கழற்றிவிட ஆரம்பித்தார்கள். சாவி தொலைந்ததென்று யாராவது கொல்லைச் சுவரை இடிப்பார்களா?

சரியான வழி ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. பெட்டிக்குள் போய்த் தம்பி பெயரில் கணக்கு திறந்தேன்.

"உள்ள சம்பான்னு ஒரு சாஃப்ட்வேர் ஓடுதுடா. அதுதான் விண்டோஸ் பாஷையில பேசுது" என்று பேச்சை மாற்றினேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "சம்பாவா? நம்ம செம்மண்ணுல ஏதுடா சம்பா? அது சிதம்பரம் பக்கமில்ல?"

நெல் இல்லம்மா! ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்கிற ஆஸ்திரேலியர் 1990-களின் தொடக்கத்தில் எழுதியது. முதலில் வைத்த பெயருக்கு வேறொரு கம்பெனி உரிமை வைத்திருந்ததால், எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வருகிற வார்த்தையை அகராதியில் தேடி, 'சம்பா' என்று வைத்தாராம்.

தம்பி பெயரும் பாஸ்வேர்டும் அடித்தான். திறந்தது! போட்டோ வந்தது, வீடியோ வந்தது. 'நிலம்' ஃபோல்டரைத் தட்டினான்.

அனுமதி இல்லை.

மற்றதெல்லாம் திறக்கிறது, நிலம் மட்டும் திறக்கவில்லை! தம்பி ஒன்றும் பேசவில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடினான். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில், 'நிஜமாவே நீங்கதானா?' என்ற கேள்வி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"டேய், பக்கத்துல உக்காரு. நீயே பாரு" என்றேன்.

பெட்டியில் அனுமதி இரண்டு கட்டம். வாசல் கேட்டுக்கு ஒன்று, உள்ளே இருக்கிற ஒவ்வொரு அறைக்கும் ஒன்று. இரண்டும் 'சரி' என்றால்தான் வேலை நடக்கும். மற்ற ஃபோல்டரெல்லாம் எல்லாருக்கும் பொதுவாகப் போட்டவை. 'நிலம்' மட்டும் நான் அட்மினாக நுழைந்து தனியே ஏற்றியது. அதனால் அதன் அனுமதிப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. என் பெயர். பூட்டு நான் போட்டதுதான், போட்டதுதான் எனக்குத் தெரியாது!

தம்பி பெயரைச் சேர்த்து, உள்ளே இருக்கிற ஃபைல்களுக்கும் அது செல்லும்படி டிக் அடித்தேன். வெளியேறி மறுபடி நுழையச் சொன்னேன். திறந்தது.

பத்திரத்தைத்தான் பார்ப்பான் என்று நினைத்தேன். பின்னால் போய் 'அப்பா' ஃபோல்டரைத் திறந்தான். தோப்பு ஓரத்துப் பலா மரத்தடியில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற போட்டோ. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் விழுந்த மரம் அது. பண்ருட்டி வட்டாரமே பலாவையும் முந்திரியையும் பறிகொடுத்த நாள்.

"இந்த மரம் யாரு பாகத்துல வரும்ணா?" என்றான்.

"அது விழுந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"அதான் கேக்கறேன்..." என்றான். இந்தத் தடவை சிரிப்பு பழைய சிரிப்பு.

பாகம் இன்னும் பிரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை வக்கீல் வீட்டுக்கு இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போனோம்.

போவதற்கு முன்னால் அம்மாவுக்கும் ஒரு கணக்கு திறந்து, "பாஸ்வேர்டு என்னம்மா வைக்கட்டும்?" என்று கேட்டேன்.

"என் வீட்டுக்குள்ள நான் போறதுக்கு எவன்டா என்னைப் பேரு கேக்கறது?" என்றாள் அம்மா.

நிறுவனம் யார் என்று அப்போதுதான் தெரிந்தது.