பீங்கான் துண்டு சொல்வது

செஞ்சிக் கோட்டையைக் காண வரும் சிறுவர், பழைய ஓட்டுத் துண்டு ஒன்றைக் கண்டால், "இது யாருடையது?" என்று வினவுவர். அவ்வினா எத்துணை அரியது என்பதை இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம் உணர்த்துகின்றது.

1987-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு அகழாய்வு நடத்தியபோது, 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. உடனே, 'சீனர் இங்கு வாழ்ந்தனர்' என்று முடிவு கட்டிவிடலாமா? சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. எனவே தமிழ் வணிகரே இவற்றைக் கொணர்ந்திருக்கலாம். 'பீங்கான்' என்னும் சொல்லோ பாரசீக மொழியிலிருந்து வந்தது. மேற்கிலிருந்து கடல் கடந்து வந்த வணிகரையும் அது நினைவூட்டுகின்றது. மண்ணும் மெருகும் கலம் பிறந்த இடத்தைக் கூறும். அதைச் சுமந்து வந்த கை எவருடையது என்பதைக் கூறா.

குருமடத்தில் மறைநூல் விளக்கம் பயின்றபோது நாங்கள் கற்ற நெறி ஒன்றுண்டு: நூலிலிருந்து பொருளை எடுக்க வேண்டும், நம் கருத்தை நூலுள் திணித்தல் ஆகாது. ஓட்டுத் துண்டுக்கும் அதுவே நெறி. மனிதருக்கோ அது இன்னும் மிகுதியாகப் பொருந்தும். அயலார் வாழ்வில் நாம் காண்பது ஒரு துண்டே. அதைக் கொண்டு முழுக் கலத்தையும் வரைந்து, தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். துண்டு சொல்வதைச் செவிமடுப்போம். அது சொல்லாததை நாமே சொல்லாதிருப்போம்.