மேகத்துக்கு மேலே ஒரு கிரகணம்

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு முழுச் சந்திர கிரகணம். 9.57க்கு நிலாவின் ஓரத்தில் பூமியின் நிழல் படும், 11.01க்கு முழுதாக மூடும், 12.22 வரை சிவந்தே இருக்கும். நேரமெல்லாம் முன்கூட்டியே தெரியும்; தெரியாதது வானிலைதான். ஆவணியில் வட தமிழ்நாட்டில் பகலெல்லாம் வெயில் கொளுத்தும், பொழுது சாய்ந்தால் இடியோடு மேகம் திரளும். அன்றைக்கும் மேகமூட்டம் என்றே கணிப்பு சொன்னது. இருந்தும் நானும் நண்பரும் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு வண்டியை விட்டோம்.

காவலூர் வானாய்வகம் அந்தப் பக்கம்தான். வானியலாளர் வேணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் தென்வானத்திலும் பெரும்பகுதி அங்கே தெரியும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோதுதான் அதன் வளையங்கள் வெளிப்பட்டன; அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்திருப்பவர்களும் மழைக்காலத்தில் மேகம் விலகட்டும் என்று காத்திருக்கத்தான் செய்கிறார்கள். நமக்கு என்ன வந்தது?

வழியில் ஒரு டீக்கடை. அந்த அம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். “இப்பவே குடிச்சிட்டுப் போங்க சார். கிரகணம் புடிச்சா அடுப்பு பத்த வைக்க மாட்டேன்” என்றார். மேகத்தைக் காட்டிக் கேட்டோம். “இது நிக்காது, நடுராத்திரிக்குக் கலைஞ்சிடும்” என்றார். வெயில் சூட்டில் எழுந்த மேகம், சூடு அடங்கியதும் பெரும்பாலும் கலையும். அவருக்கு அது அனுபவத்தில் தெரிந்திருந்தது.

மேலே போய்ச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினோம். நிலா இருக்கும் இடமே தெரியவில்லை. ஆனால் பௌர்ணமி அல்லவா, மேகம் மூடியும் நிலம் வெளிறித் தெரிந்தது. எதிரே சாமைக் கொல்லை, அதன் வரப்பு, வரப்பில் கிடந்த ஒரு பாறை, எல்லாம் கண்ணுக்குப் பட்டன. பத்தே காலுக்கு மேல் அந்த வெளிச்சம் வடியத் தொடங்கியது. முதலில் கொல்லை மங்கியது. பிறகு வரப்பு. கொஞ்ச நேரத்தில் பாறை எது, நிழல் எது என்று பிரிக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு, பக்கத்தில் நின்ற நண்பரின் முகமே தெரியவில்லை. மேகம் ஒரு இடத்திலும் விலகவில்லை. ஆனாலும் கிரகணம் எங்கள் மேல் நடந்துகொண்டிருந்தது. தெளிந்த வானத்தில் பார்க்கிறவர்கள் நிலாவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிலம் இருள்வதை இப்படி அணு அணுவாகக் கவனிக்க வாய்ப்பது மேகத்தடியில்தான்.

11.40 வாக்கில் ஏறக்குறைய உச்சியில் ஒரு திறப்பு. செம்பு நிறத்தில் நிலா; வடக்கு ஓரம் மட்டும் இன்னும் கருத்திருந்தது. அதற்குக் கிழக்கே சனி. சில நிமிடங்கள்தான், மெல்லிய மேகம் ஒன்று மூடிவிட்டது. வழக்கமான முழுநிலா இத்தகைய மேகத்தைத் துளைத்து ஒளிவீசும். கிரகண நிலாவுக்கு அந்தத் தெம்பு இல்லை. பூமியின் காற்றுமண்டலம் வளைத்து அனுப்பும் சிவப்பு ஒளி மட்டுமே அதன் மேல் படுகிறது. அந்தக் காற்றில் கலந்திருப்பதைப் பொறுத்து நிறமும் மாறும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தது. அதன் விளைவாக 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா மிகவும் கருத்துப்போனது. அந்தச் சிவப்பைப் பார்ப்பது நம் பூமியின் காற்றைப் பார்ப்பதுதான் என்பதை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பன்னிரண்டரைக்குப் பிறகு அந்த அம்மா சொன்னபடியே வானம் வெளுத்தது. நிழல் விலகி, நிலா ஒரு ஓரத்திலிருந்து வெள்ளையாகத் திரும்பி வருவதை முழுதாகப் பார்த்தோம்.

முழுச் சூரிய கிரகணம் என்றால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்; மேகம் வந்தால் போனதுதான். சந்திர கிரகணம் அப்படியில்லை, மணிக்கணக்கில் நீளும். ஒரு சின்ன இடைவெளி கிடைத்தாலும் போதும். டிசம்பர் 13, 14 இரவுகளில் வரும் ஜெமினிட் எரிகல் பொழிவுக்கும் இதையே சொல்வேன்: மேகத்தைப் பார்த்ததும் படுத்துவிடாதீர்கள், நள்ளிரவுக்கு மேல் ஒரு தடவை எழுந்து பாருங்கள்.

நம் ஊரில் தொடக்கம் முதல் முடிவு வரை தெரியப்போகும் அடுத்த முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு. 9.46 முதல் 10.58 வரை நிலா முழுதாக நிழலில் இருக்கும். வடகிழக்குப் பருவமழையின் கடைசி மேகங்கள் அன்று மிச்சம் இருக்கலாம். இருந்தாலும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்துவிடுங்கள்.