வாக்கும் வரைபடமும்

கட்டிடங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவற்றின் அழகைப் பற்றியே எழுதுகிறார்கள். அவற்றை எழுப்பியவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது அபூர்வமாகவே பதிவாகிறது. சென்னையில் அமர்ந்து அயல்நாட்டுக் கட்டிடங்களுக்குக் கம்பி வரைபடங்கள் தயாரிக்கும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால், எனக்கு அந்தப் பேச்சில்தான் ஈடுபாடு அதிகம்.

அவ்வகையில் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்தை. 1994 அக்டோபரில் ஹீத்ரூவில் ரயில் சுரங்கம் ஒன்று கட்டும்போதே இடிந்து விழுந்தது. இத்தகைய விபத்துக்குப் பின் வழக்கமாக வழக்கறிஞர்களின் காலம் தொடங்கும். ஆனால் நிலையத்தின் உரிமையாளரான பி.ஏ.ஏ. நிறுவனம், ஒப்பந்ததாரரோடு ஒரே அணியாக அமர்ந்து வேலையை மீட்டெடுத்தது. அந்த அனுபவமே பின்னர் ஐந்தாம் முனையத்தின் ஒப்பந்தத்துக்கு அடிப்படையாயிற்று. இழப்பின் பொறுப்பு உரிமையாளருக்கு. செலவு மிச்சமானால் கூட்டாளிகளுக்கும் பங்கு.

தவறுக்கு யார் பணம் தருவது என்ற அச்சம் நீங்கினால்தான் மனிதர்கள் தவறை வெளியே சொல்கிறார்கள். கணினியில் எழும் முப்பரிமாண மாதிரிக்கும் அப்போதுதான் பொருள் உண்டாகிறது. என் குழாய் உன் உத்தரத்தில் இடிக்கிறது என்பதைத் திரை காட்டிவிடும். இருவரில் யார் நகர்வது என்பதை மனிதர்கள்தான் பேசி முடிக்க வேண்டும். அப்படிப் பேசி முடித்ததால்தான் அருகிலிருந்த கோல்ன்புரூக்கில் கம்பிக்கூடுகளை முன்கூட்டியே கட்டி, வேண்டிய நேரத்தில் மட்டும் களத்துக்கு அனுப்ப அவர்களால் முடிந்தது. டொயோட்டா ஆலையிலிருந்து கட்டுமானத்துக்கு வந்துசேர்ந்த சிக்கனம் இது.

இந்தச் சிக்கனத்தின் உயிர் ஒரு சொல்லில் இருக்கிறது. அமெரிக்கரான கிளென் பாலர்ட் 1990களில் வகுத்த 'கடைசித் திட்டமிடுபவர்' முறையில், வரும் வாரம் எது முடியும் என்று வாக்குத் தருபவர் களத்தில் நிற்கும் மேற்பார்வையாளர். முடியாததை முடியாது என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. நம் களங்களில் மேஸ்திரியிடம் எதைக் கேட்டாலும் வரும் பதில், "முடிச்சிரலாம் சார்." ஜல்லி வந்திருக்காது, சென்ட்ரிங் பிரித்திருக்க மாட்டார்கள், ஆனாலும் முடித்துவிடலாம். அதில் வாக்கு இல்லை, பயம்தான் இருக்கிறது. அந்தப் பயத்தின் மேல்தான் நம்முடைய கால அட்டவணைகள் அனைத்தும் நிற்கின்றன.

ஐந்தாம் முனையமும் இதற்கு விலக்கல்ல. 430 கோடி பவுண்டு செலவில், குறித்த நாளான 2008 மார்ச் 27 அன்று அது திறக்கப்பட்டது. அன்றே பெட்டிகள் தேங்கின. அடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. சில பகுதிகளில் கட்டுமானம் முடியத் தாமதமானதால் ஒத்திகைகள் சுருக்கப்பட்டிருந்தன. பெட்டி தூக்கும் ஊழியர்கள் புதிய இடத்துக்குப் போதுமான அளவு பழகியிருக்கவில்லை. கட்டியவர்கள் எல்லோரும் கூடிப் பேசிய மேசையில் இந்த ஊழியர்களுக்கு இருக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

இன்று நம் நிறுவனங்களும் மென்பொருளை வாங்கிவிடுகின்றன. திரையில் கட்டிடம் சுழல்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லும் மேஸ்திரிக்கு அடுத்த வேலையும் கிடைக்கும் என்ற உறுதியை எந்த மென்பொருளும் தருவதில்லை. அதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவர் முதலாளி. அது எழுதப்படாதவரை, நான் வரையும் ஒவ்வொரு கம்பியும் யாரோ ஒருவருடைய மௌனத்தின் மேல்தான் கட்டப்படுகிறது என்று நினைக்கிறேன்.